உமரைப் பற்றிப் பேச வந்தவளுக்கு ஒன்பது பொன்னாடை

"ஒன்பது பொன்னாடை போர்த்தினீங்களே அங்கிள், ஒரு வசனம் பேச விட்டீங்களா?"

"கத்தாதை பிள்ளை. மரியாதை செய்தது பிழையோ?"

"கத்தாமல் என்ன செய்யிறது? மூண்டு மாசமாப் பாடமாக்கினனான்!"

லண்டன் எட்மண்டனில், எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தின் கார் தரிப்பிடத்தில் நடந்தது இது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. காருக்குள் இருந்து கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

கத்தியவள் பரீனா. மருந்துக்கடையில் வேலை; தாய் தகப்பன் மன்னார் எருக்கலம்பிட்டி. வாங்கிக் கட்டியவர் யோகராஜா அண்ணை, எங்கள் வாசகர் வட்டத்தின் தலைவர். பதினொரு வருடமாகத் தலைவர். தேர்தல் வைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மாதத்துக்கு ஒருவர் ஓர் உலகத் தலைவரைப் பற்றிப் பேசுவது வட்டத்தின் வழக்கம். நபிகளுக்குப் பின் வந்த இரண்டாம் கலீபா உமரைப் பற்றித் தான் பேசுவதாகப் பரீனாவே கேட்டு வாங்கினாள். அதற்குக் காரணம் இருந்தது. "நீங்கள் முஸ்லிம் ஆக்கள், உங்களுக்கு எப்பிடி இவ்வளவு நல்லாத் தமிழ் வருது?" என்று வட்டத்துக்கு வரும் அருமைநாயகி அக்கா கண்ட இடமெல்லாம் கேட்பார். பரீனா ஒவ்வொரு முறையும் சிரிப்பாள். அந்தக் கேள்விக்கு மேடையில் வைத்து ஒரேயடியாகப் பதில் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய எண்ணம். ஷிப்ட் முடிந்து பஸ்ஸின் மேல்தட்டில் தனியே வாயசைத்துக்கொண்டு வருவதை நானே கண்டிருக்கிறேன்.

நிகழ்ச்சி நாலரைக்கு. நாலரை என்றால் எங்களுக்கு ஐந்து. ஆறு மணிக்கு மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விளக்கேற்ற ஐந்து பேர். விளக்குப் புகைக்கு நெருப்பு எச்சரிக்கை மணி அடித்து, அணைத்துவிட்டுத் திரும்பவும் ஐந்து பேர். தலைமையுரையில் யோகராஜா அண்ணை உமரைப் பற்றி "எளிமையானவர்" என்று ஒரு சொல்லும், தன் எளிமையைப் பற்றிப் பதினான்கு நிமிடமும் பேசினார். அடுத்து பொருளாளர் ஜெராட்டின் வாழ்த்துரை. அதன் பிறகு பொன்னாடை. அவர் போர்த்தினால் இவர் விடுவாரா? ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். கண் மூடியிருந்தால் இன்னொரு படம். ஒன்பதாவதோடு பரீனாவின் நாடியும் மறைந்துவிட்டது.

ஆறுக்கு ஏழு நிமிடம் இருந்தது. "நேரத்தைக் கருத்தில் கொண்டு நன்றியுரையை முதலில் முடித்துவிடுவோம்" என்றார் தலைவர். செயலாளர் ஜெனோஜா வீட்டில் எழுதி வந்ததை அப்படியே வாசித்தாள். "கலீபா உமரின் வாழ்வை எங்கள் உள்ளம் உருக எடுத்துரைத்த சகோதரி பரீனாவுக்கு..." நாங்கள் கை தட்டினோம். நானும்தான், பழக்கதோஷம். தட்டி முடிய மண்டபக்காரர் விளக்கை அணைத்தார்.

"சரி பிள்ளை, அடுத்த மாதம் பேசுவம்" என்றார் அண்ணை, தரிப்பிடத்தில் கார்ச் சாவியைத் தேடியபடி. "இல்லை, அடுத்த மாதம் என்ர மணிவிழா. அதுக்கடுத்த மாதம்."

"நான் ஆரைப் பற்றிப் பேச வந்தனான் எண்டாவது தெரியுமா அங்கிள்?"

அண்ணையின் மனைவி தவநாயகி அக்கா குடையை விரித்தார். "நீ சொல்லு பிள்ளை. நான் கேக்கிறன்."

பரீனா மூச்சை இழுத்துக்கொண்டாள். "யெமன்ல இருந்து துணி வந்தது. ஆளுக்கு ஒரு துண்டு. உமர் ரலியல்லாஹு அன்ஹு நல்ல உயரம், ஒரு துண்டு காணாது. ரெண்டு துண்டிலை தைச்ச உடுப்போட மேடையேறி, 'கேளுங்கோ' எண்டவர். சல்மான் எண்டவர் எழும்பினார். 'கேக்கமாட்டம். எங்களுக்கு ஒண்டு, உங்களுக்கு எப்பிடி ரெண்டு?'"

"கலீபாவையோ கேட்டவர்?" என்றார் அருமைநாயகி அக்கா.

"ஓம், சபையிலை வச்சு."

"ஐயோ! பிடிச்சு அடைக்கேல்லையோ?"

"இல்லை. தன்ர மகனைக் கூப்பிட்டுப் பதில் சொல்லச் சொன்னவர். 'என்ர பங்கை வாப்பாவுக்குக் குடுத்தனான்' எண்டு மகன் சொன்னார். பிறகுதான் சல்மான், 'இப்ப பேசுங்கோ, கேக்கிறம்' எண்டவர்."

மழை வலுத்தது. தவநாயகி அக்கா புருஷன் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் ஒருக்கா, பிழை விட்டிட்டன் எண்டு சொல்லுங்கோவன்."

அண்ணை வாயைத் திறந்தார்.

"எல்லாரும் கிட்ட வாங்கோ, ஒரு குறூப் படம் எடுப்பம்!"

பரீனா ஒன்பதையும் அவருடைய கார் பொனட்டில் வைத்துவிட்டு பஸ் தரிப்பை நோக்கி நடந்தாள். அன்றைக்கே ஃபேஸ்புக்கில் அவளுடைய படம் வந்தது: "சிறப்புரை ஆற்றியபோது." கீழே அவள், "நான் பேசவில்லை" என்று எழுதினாள். அரை மணித்தியாலத்தில் அது அழிக்கப்பட்டிருந்தது. மறுபடி எழுதினாள். மறுபடியும் அழித்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் வட்டத்துக்கு வரவில்லை. தை மாதம் லெஸ்டரில் ஒரு கணக்கு வாத்தியாரை நிக்காஹ் செய்து அங்கேயே போய்விட்டாள். போன கிழமை அந்த ஊரில் உமரைப் பற்றி முழுதாக இருபது நிமிடம் பேசினாளாம். தவநாயகி அக்கா தனியே ரயிலேறிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஜெனோஜா ஜெராட்டைக் கட்டி லூயிஷாமுக்குப் போனாள். அருமைநாயகி அக்கா மகளோடு ஆர்ச்வேக்கு. யோகராஜா அண்ணை எங்கும் போகவில்லை. எட்மண்டனில் இன்னும் தலைவர்தான்.