பச்சைத் தண்ணீர் வெளுப்பு

விடியும் முன்னே ஆஸ்பத்திரியின் பின்கட்டில் துணி அறையும் சத்தம் தொடங்கிவிடும். ரத்தமும் சீழும் காய்ந்து விறைத்த படுக்கைவிரிப்புகளைத் தொட்டியில் மிதித்து, கல்லில் அடித்து, பிழிந்து போடுகிறவர்கள் நான்கு பெண்கள். மூத்தவள் நீலக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்திருக்கும். சலவை நீலம் ஏறிய கைகளைப் பார்த்து மற்றவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவள் என்பார்கள். கொஞ்சம்தானா?

சுகாதாரத்துக்கு ஒதுக்கிய பணம் போதவில்லை என்று சலவைக் கொதிகலனுக்கு எண்ணெய் வாங்குவதை நிறுத்தினார்கள். முன்வாசலுக்குக் கண்ணாடி பதிக்க மட்டும் எப்படியோ பணம் இருந்தது; நமக்கென்ன வம்பு! மற்ற மூவரும் முணுமுணுக்க, நீலக்கா மட்டும், "பச்சைத் தண்ணியில எனக்கு வெளுக்க வராதாக்கும்?" என்று வீம்புக்கு இறங்கினாள். சோப்புத் தூளை அள்ளிப் போட்டாள், நீலத்தைக் கூட்டினாள். விரிப்பு பளீரென்று வந்தது. நிர்வாக அதிகாரி அதை விரித்துப் பார்த்து, "அப்புறம் எதுக்கு எண்ணெய்?" என்றார். அன்று முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

பிரசவ வார்டில் தையல் போட்ட வயிறுகள் சீழ்பிடிக்கத் தொடங்கின. ஆயாக்கள் கிசுகிசுத்ததை நீலக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சொந்த மகள் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தபோது, குவியலைப் புரட்டி, இருப்பதிலேயே வெள்ளையானதைப் பொறுக்கித் தன் கையாலேயே விரித்தாள்.

இரண்டொரு நாளில் மகளின் உடம்பு அனலாய்க் காய்ந்தது. கட்டைப் பிரித்த நர்ஸ் உதட்டைக் கடித்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"கொதிக்க வைக்காத துணியில கிருமி சாகாதுக்கா. இந்த வரிசை முழுக்க இப்படித்தான். ஊசி மருந்தும் ஸ்டாக் இல்ல."

பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன் பாய்ந்தான். "நீ வெளுத்த லட்சணமா இது? என் பொண்டாட்டி வயித்தைப் பாரு!"

நீலக்கா திரும்பி நடந்தாள்.

நேரே அதிகாரி அறைக்குப் போனாள். "கொதிகலனைப் பத்த வைங்கய்யா."

"பச்சைத் தண்ணியே போதும்னு நீதானேம்மா காட்டுன?"

"காட்டுனேன், என் திமிரு. அதுக்கு என் பொண்ணு கெடக்கா. உங்க சிக்கனத்துக்கு உங்க வீட்டுல யாரு கெடக்குறாங்க?"

"வாயை அடக்கு. வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். ஒழுங்கா செய்யணும்."

மறுநாள் காலை நால்வரும் ஒரு பழைய இரும்புப் பீப்பாயை உருட்டிவந்து, அந்தக் கண்ணாடி வாசலிலேயே கல் கூட்டி ஏற்றித் தீ மூட்டினார்கள். கொதித்த துணி மட்டும்தான் இனி வார்டுக்குப் போகும் என்றார்கள். புதுக் கண்ணாடியில் புகை கரியாய்ப் படிந்தது. அதிகாரி ஓடி வந்தார்.

"நாலு பேரையும் சீட்டைக் கிழிச்சு அனுப்பிடுவேன்!"

அழுக்கு மூட்டையோடு வந்த தலைமை ஆயா அதைத் தொப்பென்று இறக்கினாள். "நாலோட ஏன் நிறுத்துறீங்க? எங்களையும் சேத்துக்குங்க." பின்னால் மற்ற ஆயாக்களும் துப்புரவுப் பெண்களும் நின்றார்கள்.

மேலே மகளுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. கொதிகலனும் சில்லிட்டுத்தான் கிடந்தது. பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன் எங்கிருந்தோ உடைந்த மரக்கட்டிலின் கால்களைத் தோளில் தூக்கிவந்து போட்டான். நீலக்காவின் முகத்தைப் பார்க்காமல் பீப்பாய் முன்னால் குந்தினான்.

"தீ அணையுதுக்கா. தள்ளுங்க, நான் ஊதுறேன்."