ஊதாச் சோளத் தண்ணீர்

வெள்ளிக்கிழமை திரிம்பாக் கோயிலுக்குப் போய் வந்த கோபிஷா, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் வந்து நின்றாள். அவளுடைய தாய் ஜெயகௌரி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். பூசை முடிந்த கையோடு, தெரிந்த பெண் ஒருத்தி கோபிஷாவைத் தனியே கூப்பிட்டு ஒரு செய்தி சொல்லியிருந்தாள். ஆராவ் நகரத்தில், ஆற்றங்கரை வாங்கில் அம்மா ஒரு வெளிநாட்டுக்காரரோடு இருந்தாளாம். இரண்டு பேரும் சிவப்பு வைன் குடித்தார்களாம்.

“அது வைன் இல்லை பிள்ளை, சோளம் அவிச்ச தண்ணி” என்றாள் ஜெயகௌரி.

சொன்ன பிறகுதான், கேட்ட இரண்டில் சின்னதுக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. 

அந்த ஆளின் பெயர் வில்ஃபிரேடோ. பெரு நாட்டிலிருந்து வந்து, ஜெயகௌரி சமைக்கிற அதே முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர். மனைவி பிரிந்துபோய் நெடுநாளாகிறது, பிள்ளைகள் இல்லை. போன கோடையில் ஒரு நாள் இடைவேளையில் போத்தலிலிருந்து ஊதா நிறத்தில் ஏதோ ஊற்றிக் கொடுத்தார். ஜெயகௌரி முதலில் முகர்ந்துதான் பார்த்தாள். கறுவாவும் கராம்பும் மணத்தன. உலகத்தின் மற்றப் பக்கத்திலிருந்து வந்த பானத்தில் தன் குசினி அலுமாரி மணப்பதை அவள் எதிர்பார்க்கவில்லை. வெறிக்குமோ என்று கேட்டாள். புளித்து வெறிக்கிற சோளச் சீச்சா வேறு, இது ஊதாச் சோளத்தை அவித்துச் செய்கிற சீச்சா மொராடா, எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு கொடுப்பார்கள் என்றார் அவர். அதன் பிறகு இரண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட் வருகிற நாட்களில் இரண்டு கோப்பைகளோடு ஆற்றங்கரை வாங்குக்கு வந்தார். வேறு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த நாட்களில் ஜெயகௌரி வேலைக்குப் போகுமுன் கண்ணாடியில் இரண்டாம் முறையும் பார்த்தாள்.

இதில் பாதியைத்தான் மகளுக்குச் சொல்ல முடிந்தது. கோபிஷா சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“அப்பா கண்ணை மூடி ஒன்பது வருசம். நீங்கள் ஆரோட கதைச்சாலும் நான் ஏன் எண்டு கேக்க மாட்டன் அம்மா. ஆனா அதைக் கோயில்ல நிண்டு வேற ஆக்கள் சொல்லித்தானோ நான் அறிய வேணும்?”

ஜெயகௌரி கத்தியைக் கீழே வைத்தாள். கோபிஷாவே, ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதரை வரச் சொல்லும்படியும் தானும் அதைக் குடித்துப் பார்ப்பதாகவும் சொன்னாள். வேலைக்கு ஆள் எடுக்கிறவளின் குரல் போல இருந்தது.

ஞாயிறு மத்தியானம் அவர் ஒரு துணிப்பையோடு வந்தார். யாரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். பையில் நாவற்பழக் கறுப்பில் காய்ந்த சோளப் பொத்திகளும் ஒரு அன்னாசியும் அப்பிளும் தேசிக்காயும் இருந்தன. கோபிஷாவோடு இந்த நாட்டு மொழியான டொச்சில் கதைத்தார். வேலையிடத்தில் எல்லாரும் ‘நீ’ என்கிற ‘டு’ போட்டுத்தான் கதைப்பது, நீயும் அப்படியே கதைக்கலாம் என்றார். கோபிஷா சிரித்துவிட்டு, மரியாதைக்குரிய ‘ஸீ’யையே விடாமல் பிடித்துக்கொண்டாள்.

அன்னாசித் தோலைக் கழுவிச் சோளத்தோடு பானையில் போட்டார். இத்தனை காலம் அதைக் குப்பையில் போட்டிருக்கிறேனே என்று ஜெயகௌரி நினைத்தாள். கறுவாவை மறந்துவிட்டதாக அவர் தலையில் கை வைத்தபோது, அவள் தன் போத்தலைத் திறந்து கொடுத்தாள். தண்ணீர் கொதித்து மை போலக் கறுத்தது. வடித்து எடுத்து, குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய தொட்டிக்குள் ஆற வைத்தார்கள்.

ஆறுகிற நேரத்தில்தான் கோபிஷா கேட்டாள். என் அம்மா உங்களுக்கு யார் என்று, டொச்சில், நேராக. ஜெயகௌரி துடைத்த கரண்டியையே திரும்பத் துடைத்தாள்.

 அந்த மொழியில் தனக்கு நோயாளிகளோடு கதைக்கிற சொற்கள்தான் நன்றாகத் தெரியும் என்றார் வில்ஃபிரேடோ. பிறகு, உன் அம்மா வேலைக்கு வராத நாட்களில் நான் சாப்பாட்டு அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்து சாப்பிடுகிறேன், வந்த நாட்களில் குசினி வாசல் தெரிகிற மற்றக் கதிரையில் இருக்கிறேன் என்றார். அவ்வளவுதான். கோபிஷா தாயைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயகௌரியின் முகம் சிவந்துபோயிருந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

சீனி போட்டுத் தேசிக்காய் பிழிந்ததும், கறுத்திருந்த தண்ணீர் செவ்வூதாவாக வெளித்தது. கோபிஷா ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். சீனியைக் கூடுதலாகப் போட்டுவிட்டாய் என்றாள் டொச்சில். ‘டு’ என்றுதான் சொன்னாள். அவர் இன்னொரு தேசிக்காயை எடுத்து வெட்டினார்.

அவருக்குப் பின்னேர வேலை இருந்தது. அவர் இறங்கிப் போன பிறகு தாயும் மகளும் பல்கனியில் வந்து நின்றார்கள்.

“அடுத்த முறை சோறு சாப்பிட வரச் சொல்லுங்கோ. உறைப்புச் சாப்பிடுவாரோ?” என்று கேட்டாள் கோபிஷா.

“தெரியாது. கேக்கேல்லை.”

கீழே பஸ் தரிப்பிடத்தில் நின்ற வில்ஃபிரேடோ அவர்களைக் கண்டு கை காட்டினார். ஜெயகௌரி கையை உயர்த்தினாள். கோபிஷாவும் உயர்த்தினாள். அவர் சந்தோசத்தில் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு நிற்க, அவருக்குப் பின்னால் பஸ் வந்து, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போனது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, வெறும் றோட்டைக் காட்டித் தோளைக் குலுக்கினார். பிறகு வாங்கில் உட்கார்ந்து, மேலே பார்த்தபடி இருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் அடுத்த பஸ் வர நேரம் எடுக்கும். பல்கனியில் நின்ற இருவரும் உள்ளே போகவில்லை.