அனுப்பி வைத்தவர்

பெட்டியைத் தூக்கக் குனிந்த நான்கு பேரையும் மிக்கேல்ராஜ் கைகாட்டி நிறுத்தினார்.

"செத்த பொறுங்க. மில்லுல இருந்து வாராங்களாம்."

நான்கு மணிக்குக் கோயிலில் பூசை. மணி மூன்றேகால் ஆகியிருந்தது. மைத்துனன் ரொனால்டு கடிகாரத்தைப் பார்த்தான். நிமிர்ந்து கொண்டான். அவனுடைய அக்கா, மிக்கேல்ராஜின் மனைவி சகாயராணி, பந்தலுக்குக் கீழே பெட்டிக்குள், கோத்த விரல்களில் செபமாலையோடு படுத்திருந்தாள். வயது நாற்பத்தாறு. முந்தின நாள் காலையில் அடுப்பில் உலை வைத்துவிட்டு, நெஞ்சு கரிக்குது என்று சுவரோரம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில் ஒன்றில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள். அங்கிருந்து ஐந்தாறு பேர் வருவார்கள் என்றுதான் மிக்கேல்ராஜ் நினைத்திருந்தார். நாகல் நகர்ச் சந்துக்குள் நுழைய முடியாமல் மில் பஸ் தெருமுக்கிலேயே நின்றது. இறங்கி நடந்து வந்தவர்கள் ஐம்பது பேருக்குக் குறையாது. எல்லாரும் பெண்கள். காலை ஷிப்டு முடிந்து, வீட்டுக்குப் போகாமல், முகம்கூடக் கழுவாமல் நேரே வந்திருந்தார்கள். முடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. பெட்டியைச் சுற்றி வந்து அவள் காலைத் தொட்டுவிட்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரும் ஒப்பாரி வைக்கவில்லை.

மிக்கேல்ராஜுக்கு ஏழு வருடத்துக்கு முந்திய நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன.

அப்போது அந்த மில்லில் பெருமாள்சாமி என்று ஒரு மேஸ்திரி இருந்தான். அறுந்த நூலைப் பிணைக்கும் பெண்களுக்குப் பின்னால் வந்து உரசிக்கொண்டு நிற்பான். அவர்கள் உடம்பைப் பற்றி நாலு பேர் கேட்கப் பேசுவான். முகம் சுளித்தவளுக்கு மறுநாள் நூல் நிற்காமல் அறுகிற மெஷினாகப் பார்த்துக் கொடுப்பான். ஒண்ணுக்குப் போகக்கூட விடமாட்டான். வடமதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த புவனேஸ்வரி என்ற பத்தொன்பது வயதுப் பெண் வேலையே வேண்டாம் என்று நின்றுவிடப் பார்த்தாள். சகாயராணிதான் விடவில்லை. ஒரு நோட்டு வாங்கினாள். தேதி, நேரம், எந்த மெஷின், அவன் சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் யார் என்று இருபத்திரண்டு நாள் எழுதினாள். இப்படிப்பட்ட புகாரை விசாரிக்க வேலை செய்யும் இடத்தில் ஒரு கமிட்டி வேண்டும், அதற்குப் பெண்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்று டெல்லியில் பெரிய கோர்ட்டே சொல்லியிருப்பதை ஒரு கன்னியாஸ்திரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு மேனேஜரிடம் போய் மனுக் கொடுத்தாள்.

மிக்கேல்ராஜ் பள்ளிக்கூடத்தில் கிளார்க். வம்பு என்றால் ஒதுங்கிப் போகிறவர். அவன் கையைப் பிடித்து இழுத்திருந்தாலாவது சரி, வாய்ப்பேச்சுக்கெல்லாமா மனு எழுதுவார்கள் என்று கேட்டார். அவள் அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்:

"கை வைக்கிறது மட்டுந்தான் தப்புன்னு நெனைக்காதீங்க. நாளைக்கு வேலைக்குப் போகணுமேன்னு நெனச்சாலே ஒருத்திக்கு வயித்தக் கலக்குதுன்னா, அப்படி ஆக்கி வச்சிருக்கானே, அதுவும் தப்புதான். சட்டத்துலயும் அப்படித்தான் இருக்காம்."

மனுக் கொடுத்த மறுவாரம் அவளைக் கழிவுப் பஞ்சுக் கிடங்குக்கு மாற்றினார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் மிக்கேல்ராஜிடம், அது உங்க வீட்டம்மாதானா என்று சிரித்துக்கொண்டே விசாரித்தார். கமிட்டி விசாரணைக்கு முந்தின நாள் மிக்கேல்ராஜ் முடிவாகச் சொல்லிவிட்டார், போகக்கூடாது என்று.

மறுநாள் அவள் புறப்பட்டாள். வாரேங்க என்று சொல்லிவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். அவர் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு பதினோரு நாள் அவளோடு பேசவில்லை. அவள் சோறு வைத்தாள், சாப்பிட்டார். கடைசியில் பெருமாள்சாமியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவள் பழைய மெஷினுக்கே திரும்பினாள். விசாரணை அறைக்குள் என்ன நடந்தது என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்து அவரிடம் வந்தாள். புவனேஸ்வரி. இப்போது சூப்பர்வைசராக இருக்கிறாள் என்று சகாயராணி எப்போதோ சொல்லியிருந்தாள்.

"ஒங்களத்தான் ஒரு தடவையாச்சும் பாக்கணும்னு இருந்தேண்ணே," என்றாள். "மொத நாள் விசாரணையில ஆபீஸ்காரர் ஒருத்தர் அக்காவக் கேட்டாரு, இந்த அசிங்கத்தையெல்லாம் பேச வந்திருக்கியே, ஒன் புருசனுக்குத் தெரியுமான்னு. அக்கா அசரல. என் வீட்டுக்காரருதான் அனுப்பி வச்சாரு, பஸ் ஏத்திவிட்டதே அவருதான்னு சொல்லுச்சு."

புவனேஸ்வரி மேலே சொல்லிக்கொண்டே போனாள்.

அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பேச்சு வீடு வீடாகப் போனதாம். புருசனே அனுப்பி வைக்கிறான் என்றால் அதில் என்ன கேவலம் என்று புவனேஸ்வரியின் அப்பாவே கேட்டாராம். அடுத்த நாள் விசாரணைக்கு ஏழு பேர் சாட்சி சொல்ல வந்தார்கள். ஏழு பேரையும் வீட்டில் தடுக்கவில்லை.

"நீங்க மட்டும் அன்னைக்கு அக்காவ அனுப்பலேன்னா," என்றாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

பாதிரியார் வந்துவிட்டதாக ரொனால்டு வந்து காதோரம் சொன்னான். மிக்கேல்ராஜ் அந்தக் கும்பிட்ட கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா தலையாட்டினால் போதும். ஊரே நம்பியிருக்கிறது, அவளே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

"நான் அனுப்பலம்மா," என்றார். "போகாதேன்னுதான் சொன்னேன். தனியாத்தான் பஸ் ஏறுனா. அவளாத்தான் வந்தா."

புவனேஸ்வரி கைகளை மெல்ல இறக்கினாள். அவரைக் கோபமாகப் பார்க்கவில்லை. திரும்பிப் போய், முதல் வரிசையில் இருந்த வயதான பெண்ணின் பக்கத்தில் குனிந்து என்னவோ சொன்னாள். அந்தப் பெண் அடுத்தவளிடம் சொன்னாள். அவள் பின்னால் திரும்பினாள். செய்தி ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குப் போவது அவருக்குத் தெரிந்தது. ஒருத்தியும் அவர் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் பெட்டியையே பார்த்தார்கள். பிறகு, உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.