நூற்றுப் பத்து டிகிரி மூலை

"ஏம்மா, இனிமே உங்க அண்ணன் டேப்பைத் தூக்கிக்கிட்டு என் கட்டடத்துக்குள்ள வரக்கூடாது" என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியுமா? மூலைக்கென்று செய்த முக்கோணக் கண்ணாடித் தட்டை ஒரு சுவரோடு ஒட்டி வைத்தால், மற்ற சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆளே நிற்கலாம். கடினமாக்கிய கண்ணாடி வேறு. மறுபடி வெட்டப்போனால் தூள்தான்.

எங்கள் கண்ணாடிக் கடையில் அளவு அண்ணன், கணக்கு நான். சுவரோரம் மட்டும் இடம் விட்டு மூலைக்குக் குறுக்கே டைல்ஸ் பெட்டிகளைக் கூரை வரை அடுக்கியிருந்ததால் தட்டின் முன்பக்கத்தை அவனால் அளக்க முடியவில்லை. சுவர்கள் நூற்றிருபது, எண்பது சென்டிமீட்டர், நடுவில் நூற்றுப் பத்து டிகிரி என்று எழுதிக் கொடுத்தான். கண்ணாடி வெட்டுகிறவர்கள் கோணம் கேட்க மாட்டார்கள், மூன்று பக்கம்தான் கேட்பார்கள். கோசைன் விதியைப் போட்டு மூன்றாவது பக்கமான முன்பக்கம் நூற்றுப் பத்தொன்பது என்று நான் சொல்லியனுப்பினேன்.

பதினைந்து வருஷமாக அளக்கிறான், ஒரு மூலையை ஒழுங்காக அளக்கத் துப்பில்லை! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவனோ, "ஆமா சார், அளவுல என் தப்புதான்" என்று தலையாட்டிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டான். அந்தச் சாதுத்தனத்தைப் பார்க்க இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பெட்டிகளை இப்போது எடுத்துவிட்டிருந்தார்கள். எங்கே கோட்டை விட்டான் என்று பார்த்தே தீருவது என்று நானே டேப்பைப் பிடித்தேன். சுவர்கள் இரண்டும் சரி. கோணமானியை வைத்தேன். நூற்றுப் பத்து. மறுபடி வைத்தேன். நூற்றுப் பத்தேதான். முன்பக்கம் நூற்று அறுபத்தைந்தரை.

கைப்பையிலிருந்து கணக்குத் தாளை எடுத்தேன். நூற்றுப் பத்தின் கோசைனுக்குக் கால்குலேட்டர் அன்று மைனஸ் காட்டியது. நீளக் கணக்கில் மைனஸ் ஏது, விரல் எங்கோ பட்டிருக்கும் என்று அதை நானே விழுங்கிவிட்டேன். கோணம் தொண்ணூறைத் தாண்டினால் மைனஸ்தான் வரும். விதியில் இருக்கும் மைனஸோடு சேர்ந்து அது கூட்டலாகும். கூட்ட வேண்டியதைக் கழித்துத் தொலைத்திருக்கிறேன்.

வாசலுக்குப் போனேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கண்ணாடியை இறக்கும்போதே தெரிஞ்சிருச்சு. நான் எழுதின கோணம் அதுல இல்ல."

"வாய் இருக்கில்ல? சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும். 

"விடும்மா, வேற கட்டடமா இல்ல" என்றான்.

அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

"சார், எங்க அண்ணன் அளவு கச்சிதம். கணக்குப் போட்டவ நான். என் தப்பைத்தான் இவன் தலையில தூக்கிக்கிட்டு நிக்கறான்."