கோழிக்கொட்டகையிலிருந்து வந்த சுழிப் புத்தகம்

அட்டைப்பெட்டியைப் பிரித்ததுமே நூலகர் அனிதா மூக்கைப் பொத்திக்கொண்டாள். புத்தகங்களின் முதுகில் கோழி எச்சம் சுண்ணாம்பாகக் காய்ந்து கிடந்தது; நடுவே ஒரு எலிக்குஞ்சு செத்து ஒட்டியிருந்தது. கையில் ஊர்ந்த கோழிப்பேனை உதறிவிட்டு, நூலகத்தின் அரிய நூல் அறை ஜன்னலைத் திறந்தாள்.

எதிரே வெள்ளை வேட்டி கசங்காமல் உட்கார்ந்திருந்தார் தனபால். சங்ககிரிப் பக்கம் நாலு கோழிப்பண்ணை வைத்திருப்பவர். செத்துப்போன அப்பாவின் புத்தகங்களை நன்கொடையாகக் கொடுக்க வந்திருந்தார்.

"பீரோ மேல அப்பா பேரு பெருசா வரோணுங்க. ஞாயித்துக்கிழமை விழா வச்சுக்கலாம். போட்டோக்காரனுக்குச் சொல்லிப்போட்டேன்."

"இதையெல்லாம் எங்கீங்க வச்சிருந்தீங்க?"

"கோழிக்கொட்டகைத் தீவன ரூம்லதானுங்க. பத்திரமாத்தான் இருந்துச்சு."

கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். அடியில் கிடந்தது தோல் அட்டை போட்ட ஒரு கையெழுத்துப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு மாடு. உடம்பில் எங்கே மயிர்ச்சுழி இருந்தால் வாங்கலாம், எங்கே இருந்தால் குடி கெடும் என்று வரைந்து, அந்தந்த மாட்டின் மயிரையும் வெட்டி ஒட்டியிருந்தார் எந்தக் காலத்து மாட்டுத் தரகரோ. பசையோடு பாதி மயிரை எலி தின்றிருந்தது. மிச்சம் பிசுபிசுவென்று கையுறை விரலில் ஒட்டியது.

அனிதா அதை இதற்கு முன் பார்த்ததில்லை, ஆனால் தெரியும். பதிவேட்டில் 'சுழிப் புத்தகம்' என்று அதற்கு எண் இருந்தது, எதிரே சிவப்பு மையில் 'காணவில்லை' என்றும் இருந்தது. முப்பது வருடத்துக்கு முன்னால் இங்கே நூலகராக இருந்த பொன்னனைத் திருடன் என்று வேலையைவிட்டு அனுப்பியது அதற்காகத்தான்.

கடைசிப் பக்கத்து எச்சத்தை ஸ்கேலால் சுரண்டினாள். அடியில் நூலகத்தின் ஊதா முத்திரை.

"இது எங்க புத்தகமுங்க. உங்க அப்பாகிட்ட எப்படி வந்துச்சு?"

தனபால் எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கவே இல்லை. "அப்ப அவருதானுங்க வாசகர் வட்டத் தலைவரு. ஊட்ல வச்சுப் பாக்கலாம்னு எடுத்திருப்பாரு. கேக்க ஆளேது?"

"பொன்னன்னு ஒருத்தருக்கு வேலை போச்சுங்க."

"தெரியுங்க. அவரு மேல மனு எழுதிப் போட்டதே அப்பாதானே." சிரித்தார். "பழச வுடுங்க சாமி. புஸ்தகம்தான் வந்திருச்சில்ல? பேரு மட்டும் கொஞ்சம் பெருசா..."

அனிதா நன்கொடை ரசீதைத் தள்ளிவைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் எழுதி நீட்டினாள்: 'என் தந்தை எடுத்துச் சென்ற நூலக நூலைத் திரும்ப ஒப்படைக்கிறேன்.'

அதைப் படித்ததும் தனபால் துள்ளி எழுந்தார். "ஏனுங்க, குடுக்க வந்தவனுக்குத் திருட்டுப் பட்டமா? பெட்டிய எடுத்துட்டுப் போறேன்!"

"முத்திரை இருக்கறது வெளிய போனா போலீசுக்குத்தான் சொல்லோணுங்க."

அவர் கையெழுத்துப் போடவில்லை. பெட்டியையும் தொடவில்லை. கையை ஜன்னல் திரையில் துடைத்துவிட்டுப் போனார்.

அனிதா மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. பழைய கோப்பில் கெங்கவல்லி உஷாராணியின் எண் இருந்தது. பொன்னனின் மகள், அப்பாவுக்காக இரண்டு தடவை மனுக் கொடுத்தவள். அந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

"சுழிப் புத்தகம் கெடச்சிருச்சுங்க. உங்க அப்பா எடுக்கல."

"எங்க இருந்துச்சு?"

"அந்த வாசகர் வட்டத் தலைவரு பண்ணையில. கோழிக்கொட்டகையில."

காறித் துப்பும் சத்தம் கேட்டது. "நாளைக்கு மொத பஸ்ஸுக்கு வரேன். இத அப்படியே எழுதிக் குடுப்பீங்களா?"

"முத்திரை வச்சே தரேனுங்க" என்றாள் அனிதா.