நங்கூர விளக்கு

சிட்லபாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ராஜாராமன் வீட்டில், தினமும் காலைக் காப்பியோடு ஒரு கேள்வியும் ஒரு பதிலும் உண்டு. பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "போட் எப்படி இருக்கு, ரோஹிணி?" என்று கேட்பார் ராஜாராமன். கைப்பேசியைப் பார்த்துவிட்டு, "இருக்கு அண்ணா" என்பாள் ரோஹிணி. அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை, சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

போட் இருந்தது மலேசியாவில், லங்காவித் தீவை ஒட்டிய ஒரு குடாவில். ராஜாராமனின் தம்பியும் ரோஹிணியின் கணவனுமான சூர்யநாராயணன் அதை வாங்கியவன். மாசி மாதம் அவன் இறந்துவிட்டான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை உதறி, கிழக்குத் தாம்பரம் ஃபிளாட்டை விற்று, யாரோ ஓட்டிக் களைத்த பாய்மரப் படகு ஒன்றை அவன் வாங்கியபோது, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவனுக்கு மறை கழன்றுவிட்டது என்றார்கள். ரோஹிணியும் அப்படித்தான் நினைத்தாள். நினைத்துக்கொண்டே கூடவும் போனாள். தாய்லாந்து, மலேசியா, சுமத்திரா என்று தீவு தீவாகச் சில வருஷங்கள் சுற்றினார்கள். அவள் வாழ்க்கையில் அவள் நன்றாகச் சிரித்த வருஷங்கள் அவைதான்.

படகுக்குத் தன் அம்மாவின் பெயரை வைத்தான் சூரி. அபிதகுஜாம்பாள் என்று எழுதினால் எந்தத் துறைமுக அதிகாரிக்கும் வாயில் நுழையவில்லை என்பதால் அது அபிதா என்று சுருங்கியது. அம்மாவுக்கு இதில் துளியும் சந்தோஷம் இல்லை. "என்னிக்காவது முழுகினா என் பேர்தானேடா முழுகும்" என்று போனில் சண்டை பிடித்தாள்.

காற்றில் போகிற வண்டிக்கு என்ன கஷ்டம் என்று கேட்கிறவர்கள் ஒரு வாரம் படகில் இருந்துவிட்டு வந்து கேட்கட்டும். காற்று படகைத்தான் தள்ளும். விளக்கு, ஃபிரிட்ஜ், குடிதண்ணீர் பம்ப், வழி காட்டும் திரை எல்லாவற்றுக்கும் பேட்டரி வேண்டும். பேட்டரிக்குக் கூரைமேல் சோலார் பேனல். அதன்மேல் ராத்திரி படிகிற உப்பையும் பறவை எச்சத்தையும் சூரி தன் கிழிந்த பனியனால் தினமும் காலையில் துடைத்தான். துடைத்த பிறகுதான் காப்பி. சாயங்காலமானால் பாய்மரத்தின் உச்சியில் ஒரே ஒரு விளக்கு. நிற்கிற படகு இங்கே நிற்கிறது என்று மற்றவர்களுக்குச் சொல்கிற நங்கூர விளக்கு. அதைப் போட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்துவிடுவார்கள்.

புரொப்பல்லர் தண்டு வெளியே போகிற இடத்தில் எந்தப் பழைய படகிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசியும். அபிதாவில் கொஞ்சம் தாராளமாகவே கசியும். அடியில் சேரும் அந்தத் தண்ணீரை ஒரு சின்ன பம்ப் தானாக வெளியே தள்ளிவிடும். அதுவும் பேட்டரியில் ஓடுவதுதான். ஆக, பேனல் அழுக்கானால் பேட்டரி இளைக்கும், பேட்டரி இளைத்தால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் அபிதா நின்ற இடத்திலேயே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிடுவாள்.

பேட்டரி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது ரோஹிணியின் கைப்பேசியில் தெரியும். சூரிதான் அந்த ஏற்பாட்டைச் செய்திருந்தான். பங்குனியில் இருந்த அளவு சித்திரையில் இல்லை. நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. பேனலைத் துடைக்க ஆளில்லை என்று அவளுக்குத் தெரியும். அதுபோக, ஏதோ ஒன்று இரவு பகலாக மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறது என்பதும் தெரியும். பக்கத்துப் படகில் இருக்கும் மலேசியத் தமிழ்ப் பெண் கிறிஸ்டினாவிடம் சாவி இருந்தது. ஒரு வரி செய்தி அனுப்பினால் போதும், துடைத்துவிடுவாள். ரோஹிணி அனுப்பவில்லை. சோம்பல் இல்லை. துக்கம் என்றும் சொல்ல முடியாது, துக்கம் என்றால் அழுகை வந்திருக்கும். அவளுக்கு இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கையை மடக்கிப் படுத்துத் தூங்கி எழுந்தால் கை நம்முடையது இல்லை போல் இருக்குமே, அவளுக்கு முழு உடம்பும் அப்படி இருந்தது. எண் இறங்குவதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் பல் தேய்க்கப் போவாள்.

படகுப் பழக்கங்கள் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ஒருநாள் தூங்கப்போகும் முன் இந்த வீட்டு ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டாள். காலையில் இட்லி மாவு பொங்கித் தரையெல்லாம் வழிந்திருந்தது. ராஜாராமன் துணி எடுத்து வந்து துடைத்தார். கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர், அம்மாவோடு இருந்து இருந்து துடைக்கப் பழகியவர். கூடத்தில் சூரியின் படத்துக்கு முன்னால் அம்மா ஒரு சிவப்பு பல்பை எரியவிட்டிருந்தாள். அதையும் ரோஹிணி தினம் தூங்கும் முன் அணைத்தாள். விடிந்ததும் அம்மா திரும்பப் போட்டாள். மாமியாரும் மருமகளும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சித்திரை வெயில் ஏற ஏறக் கரண்ட் அடிக்கடி போனது. ராஜாராமன் மொட்டைமாடியில் பெருமையாகப் போட்டிருந்த சோலார் இன்வெர்ட்டர், ஃபேன் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் கூவிவிட்டுப் படுத்துக்கொண்டது. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பார்த்தார், பயனில்லை. கடைசியில் அதை மாட்டிக்கொடுத்த இரும்புலியூர் கதிரேசனைக் கூப்பிட்டார்.

கதிரேசன் பேட்டரியைச் சோதித்தான், ஒயரைச் சோதித்தான், பிறகு மாடிக்குப் போனான். போனவன் அங்கிருந்தே கூப்பிட்டான். ராஜாராமன் ஏறினார். துவைத்த துணி வாளியோடு ரோஹிணியும் பின்னால் போனாள்.

பேனல்கள் மேல் ஒரு பழைய எட்டு முழ வேட்டி விரித்திருந்தது. நாலு முனையிலும் கிளிப். வேட்டி நிறைய வரிசை பிசகாமல் ஜவ்வரிசி வடாம்.

"இன்னா சார், வெயிலு மொத்தமும் வடாத்துக்கே போவுது. பேட்டரி இன்னாத்த துன்னும்?" என்றான் கதிரேசன். அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முட்டியைப் பிடித்துக்கொண்டு அம்மாவும் படியேறி வந்து சேர்ந்தாள். அவள் பக்கத்து நியாயம் தெளிவாக இருந்தது. மாடியில் நல்ல வெயில் விழுகிற இடத்தையெல்லாம் இந்தக் கண்ணாடியே எடுத்துக்கொண்டுவிட்டது, தரையில் விரித்தால் பூனை, சித்திரையில் வடாம் இடாமல் வேறு எப்போது இடுவது? கொஞ்ச நாளாகவே வெயில் ஏறும் முன் வந்து இட்டுவிட்டுப் போகிறாளாம். கண்ணாடி நன்றாகச் சுடுகிறது, ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது என்று பாராட்டு வேறு.

ராஜாராமன் ரோஹிணி பக்கம் திரும்பினார். "நீ தினம் துணி உலர்த்த வரியேம்மா. பார்க்கலியா?"

"பார்த்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உனக்குத் தெரியாததா?"

கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். பேனல்மேல் ஒரு இலை விழுந்தாலே ஓடிப்போய் எடுத்தவள் அவள். இத்தனை நாளும் அந்த வேட்டியைத் தாண்டித் தாண்டிப் போய்த் துணி உலர்த்தியிருக்கிறாள்.

கதிரேசன் தன் பையைக் கட்டிக்கொண்டே ராஜாராமனிடம் பொதுவாகச் சொன்னான். "நல்ல வேளை, இப்பவாவது கூப்ட்டீங்க சார். ரொம்ப நாள் இப்டியே காய வுட்டா, அப்பறம் இன்னா பண்ணாலும் பேட்டரி ஏறாது. செத்துடும்."

அந்தக் கடைசி வார்த்தை ரோஹிணிக்குள் எங்கோ போய்த் தைத்தது. அவள் வாளியைக் கீழே வைத்தாள். தண்ணீர் டேங்க் நிழலுக்குப் போய்க் கைப்பேசியை எடுத்தாள். எண் அன்றைக்கு இன்னும் இறங்கியிருந்தது. பம்ப் நிற்க அதிகம் மிச்சமில்லை. பேனலைத் துடைக்க முடியுமா என்று கிறிஸ்டினாவுக்கு எழுதினாள்.

கதிரேசன் போனான், ராஜாராமன் அவனை வழியனுப்ப இறங்கினார். அம்மா வேட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வடாம் உரியுமா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கிறிஸ்டினாவின் குரல் செய்தி வந்தது.

"அக்கா, பேனல் பூரா பறவை அசிங்கம், துடைச்சிட்டேன். உள்ளே தண்ணி நிக்குது, பம்ப் ரொம்ப மெதுவா ஓடுது. அப்புறம், மேலே நங்கூர லைட்டு எரிஞ்சிக்கிட்டே இருக்கு அக்கா. ராத்திரி எல்லா போட்டுலயும் எரியும், அதனால நாங்க யாரும் கவனிக்கல. பகல்லயும் எரிஞ்சிருக்கு. அதை அணைச்சாத்தான் பம்ப் தாங்கும். அணைச்சிடவா?"

ரோஹிணி அதை மறுபடி கேட்டாள். யார் போட்டது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அன்றைக்குப் பொழுது சாய்ந்தபோது சூரி எழுந்து போய் அந்த ஸ்விட்சைப் போட்டான். திரும்பி வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "ரசம் மட்டும் போறும், என்னமோ மாதிரி இருக்கு" என்றான். அதற்குப் பிறகு கிறிஸ்டினாவின் புருஷன் ஓட்டிய ரப்பர் படகு, படகுத்துறை, ஆம்புலன்ஸ். ரோஹிணி திரும்பிப் பார்க்கவேயில்லை. அவனை எரித்தாயிற்று, காரியம் செய்தாயிற்று, அவன் போட்ட விளக்கு மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. அவன் படகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தது அதுதான்.

அணை என்று சொல்ல அவளால் முடியவில்லை. அணைக்காதே என்று சொன்னால் அபிதா போய்விடும். கைப்பேசியைப் பிடித்தபடி நின்றாள்.

"என்னடி?" என்றாள் அம்மா.

"படகுல அவர் போட்ட லைட் இன்னும் எரியறதாம் அம்மா. அன்னிக்குப் போட்டது." குரல் உடைந்தது. "அணைக்கலாமான்னு கேக்கறா."

அம்மா கையில் இருந்த வடாத்தை வேட்டியில் திரும்ப வைத்தாள். தூரத்தில் மின்சார ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது.

"அணைக்கச் சொல்லு," என்றாள். "என் பேர் முழுகிடப்போறது. கீழே நான் போடற பல்பை மட்டும் இனிமே அணைக்காதே."

ரோஹிணி கைப்பேசியை வாயருகே கொண்டுபோனாள். "அணைச்சிடு கிறிஸ்டினா" என்றாள். அணைத்துவிட்டேன் அக்கா என்று பதில் வந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. வாளியைப் பிடித்துக்கொண்டு, மொட்டைமாடி என்றும் அக்கம்பக்கம் என்றும் பார்க்காமல், மாசியிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அழுதாள். வலித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாக வலித்தது.

அம்மா அவளைத் தேற்றவில்லை. முகத்தைப் புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துக்கொண்டு, வேட்டியின் நாலு முனைகளிலும் கிளிப்பை எடுத்தாள்.

"வா, அந்தப் பக்கம் பிடி," என்றாள்.

ரோஹிணி போய்ப் பிடித்தாள். இரண்டு பேருமாக, ஒரு வடாமும் உடையாமல், வேட்டியைத் தூக்கித் தரையில் விரித்தார்கள்.