ஏழு கோட்டிங் சுண்ணாம்பு

போன அக்கினி நட்சத்திரத்தில், பூந்தமல்லியே நாற்பத்திரண்டு டிகிரியில் வெந்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், எங்கள் தெரு வஹீதுன்னிசாவின் வீட்டில் தேங்காய் எண்ணெய் உறைந்தது. ஃப்ரிட்ஜுக்குள் அல்ல, கண்ணாடிக்குக் கீழே, சீப்புக்குப் பக்கத்தில். ஃப்ரிட்ஜை அவர் அணைத்தே பத்து நாளாகியிருந்தது. இட்லி மாவு மூன்று நாளாகப் புளிக்காமல் சட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். வஹீதுன்னிசாவின் ஒரே மகள் அதீபா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருமகன் சர்ஃபராஸ் ஐயப்பன்தாங்கலில் ஏசி விற்று, மாட்டி, பழுது பார்ப்பவன். மாமியார் வீட்டில் ஏசி இல்லாதது அவனுக்குத் தொழில்முறை அவமானம். இலவசமாக மாட்டித் தருகிறேன் என்றான். மாட்டுவது இலவசம், ஓடுவதும் இலவசமா என்று கேட்டார் வஹீதுன்னிசா. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசக் கரண்ட் என்ற கோட்டை எட்டு வருடமாகத் தாண்டாதவர் அவர். “அப்போ புள்ளய இந்த அடுப்புக்குள்ள படுக்க வெக்க மாட்டேன் மாமி. நாப்பது நாளும் என் ஊட்லதான்” என்று சொல்லிவிட்டுப் போனான். தலைப்பிள்ளைக்கு நாற்பது நாள் தாய் வீடு என்பதுதான் வழக்கம். அதற்காகவே பழைய லுங்கிகளைக் கிழித்து அறுபது மாற்றுத் துணி தைத்து வைத்திருந்த வஹீதுன்னிசாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தால் வீடு குளிரும் என்று யாரோ சொன்னார்கள். ஒரு மூட்டை வாங்கி, டிரம்மில் நீற்றி, வடித்த கஞ்சியைக் கலந்து தாமே அடித்தார். இரண்டு கோட்டிங் போதும். ஆனால் டிரம்மில் பாதிக்கு மேல் மிச்சம். வேறு யாராவது என்றால் சாக்கடையில் கொட்டியிருப்பார்கள். வஹீதுன்னிசாவோ டீத்தூள் சக்கையைக்கூட ரோஜாவுக்குப் போடுகிறவர். மூன்று, நான்கு என்று அடித்துக்கொண்டே போய், டிரம்மைக் கழுவிய தண்ணீரால் ஏழாவதையும் முடித்தார். கோட்டிங்குக்கு இரண்டு டிகிரி வீதம் வீடு இறங்கியது. அதில் குறையில்லை. அடித்து முடித்த பிறகும் இறங்குவது நிற்கவில்லை என்பதுதான் குறை.

தினமும் ஒரு டிகிரி. எண்ணெய் உறைந்த அன்று அதீபா இரண்டு கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தாள். பேசினால் வாயில் புகை வந்தது. பிள்ளை வீடு வர இன்னும் ஒன்பது நாள். வஹீதுன்னிசா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்: அன்றைக்குள் வீடு ஐஸ் பெட்டியாகிவிடும். பேரப்பிள்ளையை வரவழைக்கச் செய்த வேலையே அதை வாசலில் நிறுத்திவிடும் போலிருந்தது. சுரண்டினார், ஏணியில் இறங்குவதற்குள் சுரண்டிய இடம் மறுபடி வெளுத்தது. கறுப்புத் தார்ப்பாய் விரித்தார், அதுவும் வெளுத்தது. ஏழு கோட்டிங் விஷயத்தை லேசாகச் சொல்லிப் பார்த்தால், “ஏசி இல்லாம குளிருதா? யாருக்கு மாமி காது குத்துறீங்க? புள்ளயோட வந்து பாக்குறேன், சரிப்படலன்னா அப்டியே கூட்டினு பூடுவேன்” என்று போனில் சிரித்தான் சர்ஃபராஸ்.

எதிர் வீட்டுத் தகரக் கூரையின் கீழ் வெந்துகொண்டிருந்த ஆட்டோக்காரர் கஜபதிதான் முதலில் மோப்பம் பிடித்தார். “இன்னாக்கா, ஊட்டி பஸ்ஸு உன் ஊட்டாண்டதான் நிக்குதா?” என்று குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார். அரை மணியில் எண்ணெய் இளகியது. மனிதச் சூடு! நான்கு பேருக்கு ஒரு டிகிரி என்று வஹீதுன்னிசா கண்டுகொண்டார். அன்றிலிருந்து வாசலில் நின்று தெருவையே கூப்பிட்டார். இரண்டே அறையில் அறுபத்து மூன்று பேர் உட்கார்ந்தார்கள். தெருவில் அத்தனை ஏசியும் ஃபேனும் ஓய்ந்தன. மே மாதம் தவறாமல் வெடிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சும்மா இருந்தது. எழுந்து போகிறவர்களை மட்டும் வஹீதுன்னிசா பதறிப் பதறிப் பார்த்தார்.

பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததோ வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. தெருவே வேலைக்குப் போயிருந்தது. உள்ளே பதினொரு பேர், வீடு பத்து டிகிரி. கார் குமணன்சாவடியைத் தாண்டிவிட்டதாக அதீபா போன் செய்தாள். கஜபதி ஆட்டோவை பஸ் ஸ்டாண்டுக்கு விரட்டி, “ஏசி ஹாலு, ஃப்ரீ! வா நைனா வா!” என்று கூவினார். மெட்ரோ வேலைக்காரர்கள் தலைக்கவசத்தோடு வந்தார்கள். கண்டக்டர்கள், காய்கறிக் கூடையோடு பயணிகள், ஒரு கல்யாணக் கோஷ்டி பாதி. கார் நிற்பதற்கும் கடைசி ஆள் உள்ளே நுழைவதற்கும் சரியாக இருந்தது.

சர்ஃபராஸ் தன் வெப்பமானியைச் சுவரை நோக்கி நீட்டினான். இருபத்தாறு. கட்டிலுக்கடியில் பார்த்தான், பீரோவுக்குப் பின்னால் பார்த்தான், பரண்மேல் ஏறி ஏசியைத் தேடினான். எழுபத்தைந்து பேர் மூச்சு விடாமல், விட்டால் சூடு கூடிவிடுமோ என்று, அவனையே பார்த்திருந்தார்கள். குழந்தை வஹீதுன்னிசாவின் மடியில் தூங்கியது. காரிலிருந்து நாற்பது நாளைக்கான பையை இறக்கச் சொன்னான். அப்போது அவன் போன் அடித்தது. மாங்காட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளர், ஒன்றரை டன் ஏசி என்ன விலை என்று.

சர்ஃபராஸ் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு குழந்தை எழாதபடி மெதுவாகச் சொன்னான்:

“ஏசி வேணாம் சார், சுண்ணாம்பு அடிங்க. நெசம்தான் சார், என் மாமியார் ஊட்ல நின்னுதான் பேசிகினு கீறேன். ஆனா ரெண்டு கோட்டிங்கோட நிறுத்திக்கங்க.”